வேலியில்லாத விளிம்பு

உணவகத்துக்கு உள்ளே வந்துவிட்டோமா, இன்னும் வெளியேதான் நிற்கிறோமா என்பதே குண்டூசிக்குப் பிடிபடவில்லை. வாசல் என்று ஒன்று இருந்தால்தானே நுழைந்ததாக அர்த்தம்? கார் நிறுத்துமிடத்திலிருந்து ஒரு கல்பாதை மலைச்சரிவில் இறங்கியது. இரண்டு பக்கமும் புதர். கொஞ்ச தூரம் போனதும் புதருக்கு நடுவே ஒரு மேஜை, அதன்மேல் கவிழ்த்து வைத்த கண்ணாடித் தம்ளர்கள். தலைக்கு மேலே இருப்பது கூரையா கிளையா என்று அண்ணாந்து பார்த்தபடியே நடந்தவனின் நெற்றியில் நங்கென்று ஏதோ மோதியது. கிளைதான்.

"இது ஹோட்டலா மேடம், இல்ல காட்டுல யாரோ பந்தி போட்டுட்டு மறந்துட்டாங்களா?" என்றான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு.

"பார்த்து நட. பேசறதைக் குறைச்சா தலை தப்பும்," என்றார் மேடம்.

தடித்த கண்ணாடி போட்ட அந்த அம்மாளைத் தொழிலில் எல்லோரும் 'பூதக்கண்ணாடி' என்றுதான் சொல்வார்கள், முதுகுக்குப் பின்னால். நேரில் மேடம். அவருடைய துப்பறியும் நிலையத்தில் மொத்தமே இரண்டு பேர். இரண்டாவது ஆளுக்கு உடம்பு கம்பி, தலை மட்டும் உருண்டை. குண்டூசி என்று பேர் வைக்க யாரும் ஜோசியரிடம் போகவில்லை. எந்தத் துக்க வீட்டிலும் வாய்க்குப் பூட்டுப் போடத் தெரியாத பிறவி. அப்படிப்பட்டவனே இன்று காலை அலுவலகத்தில் வாயடைத்துப் போயிருந்தான்.

காலையில் வந்தவள் இடுப்பில் ஒரு கைக்குழந்தை இருந்தது. இந்த உணவகத்தின் தலைமை சர்வர், எல்லோரும் கேப்டன் என்று கூப்பிட்ட மனிதர், அவளுடைய புருஷன். போன வாரம் ஒரு மத்தியானம் இதே சரிவின் விளிம்பிலிருந்து பாறையில் விழுந்து செத்துப்போனார். அப்போது அவர் பக்கத்தில் நின்றது ஒரே ஆள்: இங்கே சமையற்கட்டில் வேலை பார்க்கும் அவளுடைய தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அவள் ஊட்டி வளர்த்த தம்பி. 'நான்தான் கொன்னேன்' என்ற ஒரே வார்த்தையைப் போலீஸிடம் சொல்லிவிட்டு, அதற்குப் பின் வாயே திறக்காமல் லாக்கப்பில் உட்கார்ந்திருந்தான்.

"அன்னைக்குக் காலையில வீட்ல ரெண்டு பேருக்கும் சண்டை," என்றாள் அவள். "தம்பிக்குக் கப்பல்ல சமையல் வேலை கிடைச்சிருக்கு. போறேன்னான். அக்காவையும் புள்ளையையும் விட்டுட்டு எங்கடா போறேன்னு இவர் கத்தினார். உங்களை அந்த மேட்டுலேருந்து தள்ளி விட்டுட்டுத்தான் மாமா போவேன்னு அவன் சொன்னான். என் காதால கேட்டேன். அதை இன்னைக்கு சாயங்காலம் நான் வாக்குமூலமா குடுக்கணும்னு இன்ஸ்பெக்டர் சொல்லியிருக்கார். குடுத்தா என் தம்பி கதை முடிஞ்சுது. குடுக்காட்டி, புருஷன் செத்ததை மூடி மறைச்சவ ஆயிடுவேன்."

"எங்ககிட்ட என்னம்மா வேணும்?" என்று கேட்டார் மேடம்.

"ஒண்ணே ஒண்ணு. தள்ளினானா, இல்லையா. அதை மட்டும் தெரிஞ்சு சொல்லுங்க."

அழுதிருந்தால் குண்டூசிக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் அழவில்லை. அழுவதற்கு முன்னால் யாருக்காக அழுவது என்று தெரிந்தாக வேண்டும்போல உட்கார்ந்திருந்தாள்.

மேனேஜர் அவர்களை எதிர்கொண்டார். சம்பவத்துக்குப் பிறகு உணவகம் மூடிக் கிடந்தது. ஆனாலும் கழுத்து வரை பித்தான் போட்டு, வராத விருந்தாளிகளுக்காகச் சிரித்துக்கொண்டிருந்தார். கூடத்தைச் சுற்றிக் காட்டினார். சுவர் என்று பார்த்தால் ஒரு பக்கம் மலையின் பாறையே சுவர். அதில் தண்ணீர் வழிந்து, தரையில் ஓர் ஓடையாகி, மேஜைகளுக்கு நடுவே வளைந்து போனது. பெரிய மரம் ஒன்று தரையைத் துளைத்து வந்து கூரையைத் துளைத்துப் போனது. கூரை அதன் அடிமரத்தைத் தொடாமல், அது பருப்பதற்கு இடம் விட்டு ஒதுங்கியிருந்தது.

"மழை பெஞ்சா?"

"கூரை இருக்கு சார். கண்ணுல படாது. அதுதான் டிசைன்."

"விளக்குக்கு வயர்?"

"இருக்கு. கண்ணுல படாது."

"கழிவறை இருக்குங்களா, இல்ல அதுவும்..."

"குண்டூசி," என்றார் மேடம்.

அவன் அடங்கினான். கை அடங்கவில்லை. கிளையிலிருந்து தொங்கிய விளக்கு ஒன்றைப் பிடித்து, வயர் எங்கேதான் போகிறது என்று துழாவினான். இலைகளுக்குப் பின்னால் வைத்து, கிளையோடு சேர்த்து, பச்சை நூலால் கட்டியிருந்தது. முடிச்சைக் கண்டுபிடிக்கவே மூக்கை இலைக்குள் விட வேண்டியிருந்தது. ஓர் ஆணி, ஒரு குழாய், ஒரு முடிச்சு வெளியே தெரியாமல் ஒரு கட்டடத்தையே கட்டி முடித்த ஆளுக்கு வீட்டில் பெண்டாட்டியாவது கண்ணில் படுவாளா என்று அவனுக்குச் சந்தேகம் வந்தது.

கூடத்தைத் தாண்டினால் அந்த மரத்தளம். பள்ளத்தாக்கின் மேல் நாக்கை நீட்டினாற்போல அகலமாக நீண்டிருந்தது. விளிம்பு வரைக்கும் மேஜைகள். விளிம்பில் தடுப்பு இல்லை, கம்பி இல்லை. தளம் முடிந்த இடத்தில் இடுப்பளவு ஆழத்தில் கொடிகள் பச்சைப் பசேலென்று படர்ந்திருக்க, அதற்கப்பால் ஆகாயம்தான். குண்டூசி ஒரு நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான்.

"வேலி வெச்சா காட்சி வெட்டுப்படும்," என்றார் மேனேஜர். "அதனால கொடிக்கு அடியில வலை கட்டியிருக்கோம். தளத்தோட மூணு பகுதிக்கும் தனித்தனி வலை. யாராவது கால் தவறினாலும் அது தாங்கிடும்."

"கேப்டனைத் தாங்கலையே?"

மேனேஜரின் சிரிப்பு கொஞ்சம் இறங்கியது. நடுப்பகுதியைக் காட்டினார். அங்கே கொடிகளில் ஆள் போன அளவுக்கு ஓர் ஓட்டை. கீழே எட்டிப் பார்த்தால் வலையின் ஒரு பக்கம் மட்டும் பிடித்துக்கொண்டிருக்க, மறுபக்கம் பாறைமேல் துவண்டு தொங்கியது.

"அவன் தள்ளின வேகத்துல வலை பிய்ஞ்சிடுச்சுன்னு போலீஸ் சொல்றாங்க. மரத்தடியில சாப்பிட்டுட்டிருந்த ஒருத்தர் பார்த்திருக்கார் மேடம். அந்தப் பையன் கேப்டனோட கழுத்துல கையை வெச்சானாம். அவர் தட்டுக்குக் குனிஞ்சு நிமிர்றதுக்குள்ள சத்தம் கேட்டுதாம். அவனும் ஒத்துக்கிட்டான். இதுல தோண்டறதுக்கு என்ன இருக்கு?"

மேடம் விளிம்புக்குப் போகவில்லை. அதற்கு நேர் எதிர்ப் பக்கம், சர்வர்கள் தட்டுகளை எடுத்து வைக்கும் மரப்பெட்டிக்குக் கீழே குனிந்து பார்த்தார். அங்கே ஒரு ஜோடி கறுப்பு ஷூ இருந்தது. முகம் பார்க்கலாம் போல மெருகு.

"யாருது?"

மூலையில் துடைத்த தம்ளரையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்த நெட்டையான சர்வர் எச்சில் விழுங்கினான். "கேப்டனோடது."

"ஷூ இங்க. ஆள் அங்க. எப்படி?"

"விளிம்புல இருந்துச்சு மேடம். ஜோடியா. கூட்டம் ஓடி வந்தப்ப கால்ல இடறிச்சு, எடுத்து இங்க வெச்சேன்."

"போலீஸ்கிட்ட சொன்னீங்களா?"

"அவங்க ஷூவைப் பத்திக் கேக்கலை."

"தள்ளி விடப் போறவன், மாமா முதல்ல ஷூவைக் கழட்டி ஜோடியா வைங்கன்னா சொல்லியிருப்பான்?" என்றான் குண்டூசி.

"அப்ப தற்கொலை," என்று மேனேஜர் அவசரமாக ஆரம்பித்தார். அவருக்கு எந்த முடிவும் சம்மதம்தான், உணவகத்தை ஒட்டாத முடிவாக இருந்தால்.

மேடம் பக்கத்து மேஜையிலிருந்து ஒரு கைத்துணியை உருவினார். தளத்தின் வலது பகுதிக்கு நடந்துபோய், கையை விளிம்புக்கு வெளியே நீட்டி, விட்டுவிட்டார். துணி மெதுவாகக் கொடிகளுக்குள் இறங்கியது.

"அடடா, காத்துல போயிடுச்சுப்பா," என்றார் நெட்டையிடம், வெறுமனே.

நெட்டை ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. குதிகாலைக் குதிகாலால் தட்டி ஷூவைக் கழற்றினான், ஜோடியாக வைத்தான், விளிம்பைத் தாண்டிக் காலை எடுத்து வைத்தான். குண்டூசியின் தொண்டையிலிருந்து வந்த சத்தம் அவனுக்கே புதிது. கண்ணைத் திறந்து பார்த்தபோது நெட்டை ஆகாயத்துக்கு நடுவே, கொடிகளில் இடுப்பு வரை புதைந்து, கையில் துணியோடு ஆடிக்கொண்டு நின்றான். நின்ற பிறகுதான் என்ன செய்தோம் என்று அவனுக்கே உறைத்திருக்க வேண்டும், முகம் வெளுத்தது.

"தினம் எத்தனை தடவை?"

"காத்து அடிச்சா அடிக்கடி மேடம். கைத்துணி, மேஜைத்துணி, விருந்தாளிங்க தொப்பி. வலை இருக்குன்னு அவங்களுக்குத் தெரியாது. நாங்க இறங்கினா அலறுவாங்க, அப்புறம் கை தட்டுவாங்க. ஷூ போட்டுட்டு இறங்கினா குதி வலைக் கண்ணுல மாட்டிக்கும். அதனால கழட்டிடுவோம்."

"இறங்கக்கூடாதுன்னு கண்டிப்பா உத்தரவு போட்டிருக்கேன்," என்றார் மேனேஜர்.

"கை தட்டறப்ப நீங்களும் நின்னு சிரிப்பீங்களே சார்," என்றான் நெட்டை. "இதை வெளியில சொன்னா வேலை போயிடும்னும் சொன்னீங்க."

மேடம் அவன் ஏறுவதற்குக் கை கொடுத்தார். "விவரம் தெரியாத ஆள் இந்த விளிம்புகிட்டயே வர மாட்டான். இதோ, நம்ம குண்டூசி இன்னும் நாற்காலியை விடலை. விவரம் தெரிஞ்ச ஆள்தான் தைரியமா காலை வெப்பான். கேப்டனை யாரும் தள்ளலை. அவராவே இறங்கினார், வலை இருக்குன்னு நம்பி. இப்ப நமக்கு வேண்டியது ஒரே கேள்விக்குப் பதில். அந்த வலை ஏன் இல்லை?"

அவர் நடுப்பகுதியில் முழங்காலிட்டு, தளத்தின் அடியில் கையை விட்டுத் தடவினார். பிறகு குண்டூசியைக் கூப்பிட்டார். அவன் தவழ்ந்து வந்தான். அந்த விளிம்பில் மானம் மரியாதை பார்ப்பதற்கில்லை. தளத்தின் அடியில் வலையின் இந்தப் பக்கத்தை மாட்டும் இரும்புக் கொக்கிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றின் வாயையும் மூட ஒரு திருகு. எல்லாத் திருகும் கழன்று, எல்லா வாயும் திறந்திருந்தன. ஒரு கொக்கிகூட வளையவில்லை.

"பிய்ஞ்ச வலை எப்படியிருக்கும் தெரியுமா?" என்றார் மேடம். "ஒரு கொக்கி வளையும், ஒண்ணு உடையும், ஒண்ணு விடாம பிடிச்சுட்டிருக்கும். இங்க எல்லாம் சேர்ந்து திருகைக் கழட்டிட்டு மரியாதையா வழி விட்டிருக்கு."

"வலை போனா கொடியும் கூடவே போயிருக்கணுமே மேடம்? ஓட்டையைத் தவிர மத்த இடமெல்லாம் பச்சைப் பசேல்னு இருக்கு."

"நல்ல கேள்வி. உன் தலை கிளையில முட்டினதுல ஏதோ இடம் மாறியிருக்கு."

ஓட்டையின் ஓரத்தில் இருந்த கொடி ஒன்றை அவர் மெல்லத் தூக்கினார். அது எதிலும் படர்ந்திருக்கவில்லை. இரண்டு பக்கத்து வலைகளிலிருந்தும் கொடிகளை இழுத்து வந்து, நடுவில் ஒன்றோடொன்று கோத்துக் கட்டியிருந்தது. இலைக்குப் பின்னால், முடிச்சு வெளியே தெரியாமல், பச்சை நூலால்.

குண்டூசிக்குக் கூடத்து விளக்கு ஞாபகம் வந்தது. அதே நூல். அதே முடிச்சு.

"தோட்டக்காரர் கட்டியிருந்தா செடி சாயாம இருக்கக் கட்டியிருப்பார்," என்றார் மேடம். "இது பார்வைக்குன்னு கட்டினது. இந்த இடத்துல பார்வை மட்டுமே முக்கியம்னு நினைக்கற ஆள் யாருங்க மேனேஜர்? அவர் கடைசியா எப்ப வந்தார்?"

மேனேஜர் வரவேற்பு மேஜைப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கே புதிதாக ஒரு பெரிய புகைப்படம் சாய்த்து வைத்திருந்தது. விளிம்போரமாகத் தரையோடு தரையாகக் கேமராவை வைத்து எடுத்த படம். மரத்தளம், அதன் விளிம்பு, விளிம்பு அப்படியே கரைந்து பள்ளத்தாக்காகிவிட்டது. அழகு என்றால் அப்படி ஓர் அழகு. மேடம் அந்தப் படத்தின் முன் நின்றார். பின்பு தளத்துக்கு வந்து விளிம்போரம் தரையில் கன்னத்தை வைத்து, வலது பகுதியை அதே கோணத்தில் பார்த்தார். அங்கே கொடிகளுக்கு அடியில் வலையின் கறுப்புக் கயிறு பளிச்சென்று தெரிந்தது.

"கட்டடப் போட்டிக்கு அனுப்ப எடுத்த படம்," என்றார் மேனேஜர். குரல் இப்போது அடங்கியிருந்தது. "கேப்டன் விழுந்த அன்னைக்குக் காலையிலதான் எடுத்தாங்க."

கட்டடத்தை வடிவமைத்த ஆர்க்கிடெக்ட் இப்போதும் உணவகத்தில்தான் இருந்தார். பாறைச் சுவரை ஒட்டிய மேஜையில், வழியும் தண்ணீருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். நரைத்த மனிதர், முகத்தில் பல நாள் தூங்காத களை. முன்னால் வைத்த காபி ஆறிப்போய் ஏடு கட்டியிருந்தது. மேடம் எதிரில் உட்கார்ந்து, அறுத்தெடுத்த பச்சை நூலை மேஜைமேல் வைத்தார். அவர் அதைப் பார்த்தார். இவ்வளவு நாளாக இதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தவர்போல ஒரு பெருமூச்சு விட்டார்.

"அந்த வலை என் டிசைன்லயே இல்லை," என்றார். "பாதுகாப்பு அதிகாரிங்க சொல்லி வெச்சது. ஒரு காலை வேளைக்குத்தானேன்னு நடுவுல இருக்கறதை மட்டும் ஆள் வெச்சு இறக்கினேன். சாயங்கால வெயில்லயும் ஒரு படம் எடுக்க வேண்டியிருந்தது. அதுவரைக்கும் அப்படியே இருக்கட்டும்னு விட்டுட்டு, அச்சகத்துக்குப் போயிட்டேன்."

"யார்கிட்டயும் சொல்லலையா?"

"எதுக்குச் சொல்லணும்? வந்தவங்களோட கண்ணு தூரத்து மலைக்குப் போகணும், காலு நாற்காலிக்கு அடியில இருக்கணும். அப்படி யோசிச்சுத்தான் ஒவ்வொரு மேஜையும் போட்டிருக்கேன். வேணும்னு யாராவது விளிம்பைத் தாண்டிக் காலை வெப்பாங்களா? யார் வெப்பாங்க?"

"காத்துல பறந்த துணியை எடுக்கறதுக்கு உங்க சர்வருங்க தினமும் வெக்கறாங்க."

"தினமுமா?" என்று அவர் தளத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவருக்கு உண்மையாகவே தெரியாது என்பது குண்டூசிக்குப் புரிந்தது. அதுதான் அவனுக்கு இன்னும் எரிச்சலைக் கிளப்பியது.

"ஜனங்க சாப்பிடற நேரத்துல இங்க எப்பவாவது வந்து உக்காந்திருக்கீங்களா?" என்று கேட்டார் மேடம்.

"இல்லை. ஆள் இருந்தா கட்டடம் தெரியாது."

"சரி. அவர் செத்துட்டார்னு தெரிஞ்சதும் வலை ஞாபகம் வந்திருக்குமே?"

"அந்தப் பையன் ஒத்துக்கிட்டான்னு சொன்னாங்க. அப்ப வலை காரணமில்லைன்னு நினைச்சேன்."

"நினைச்சுக்கிட்டீங்க," என்றார் மேடம். குரல் உயரவில்லை. "அக்கா புருஷனைக் கொன்னவன்னு ஒருத்தன் உள்ள உக்காந்திருக்கான். அவன் நிழல்ல நீங்க இங்க உக்காந்திருக்கீங்க. ஸ்டேஷனுக்கு நீங்களா வர்றீங்களா, நான் இன்ஸ்பெக்டரை இங்க வரச் சொல்லட்டுமா?"

அவர் எழுந்துகொண்டார். எழும்போது கை பட்டுக் காபி கவிழ்ந்தது; துடைக்கக்கூடத் தோன்றாமல் நின்றார். "நானே வர்றேன்," என்றார்.

குண்டூசிக்குத் துள்ள வேண்டும்போல இருந்தது. "முடிஞ்சுது மேடம். தள்ளலை. நேரா அந்தம்மாகிட்ட போய்ச் சொல்லிட்டு, வழியில எங்கேயாவது சுவர் இருக்கற கடையா பார்த்து நானும் ஒரு வாய் சாப்பிடறேன்."

மேடம் நகரவில்லை. புகைப்படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "தள்ளலைன்னா அவன் ஏன் கொன்னேன்னு சொன்னான்?"

"அதிர்ச்சியில உளறியிருப்பான்."

"இந்தப் படத்தைப் பாரு. பள்ளத்தாக்கு முழுக்க ஒரு இலை அசையலை. அன்னைக்கு மத்தியானம் காத்து இருந்துதா?" என்று நெட்டையைக் கேட்டார்.

"இல்ல மேடம். ஒரே புழுக்கம். ஒரு துணியும் பறக்கலை."

"அப்ப கேப்டன் எதை எடுக்க இறங்கினார்?"

நெட்டை தலை குனிந்தான். மேடம் ஒட்டடை அடிக்கும் நீளக்கழியை அவன் கையில் கொடுத்து, வலது பக்க வலையில் இறங்கி நடுப்பகுதிக் கொடிகளைக் கிளறச் சொன்னார். ஓட்டையிலிருந்து ஒரு கை தள்ளி, இலைகளுக்கு நடுவே, சிவப்பாக ஏதோ மாட்டிக்கொண்டிருந்தது. கழியின் நுனியில் அது மேலே வந்தது. கழுத்தில் கட்ட வேண்டியதில்லாத, கொக்கியில் மாட்டிக்கொள்ளும் சின்ன டை. ஆளைத் தாங்காத கொடி அதைத் தாங்கியிருந்தது.

நெட்டை அதைக் கையில் வாங்கியதும் அழுதுவிட்டான்.

"கேப்டனோடது மேடம். அவங்க ரெண்டு பேருக்கும் இது எப்பவும் நடக்கறதுதான். சண்டை போட்டா மாமாவும் மச்சானும் காய் விட்டுடுவாங்க, சின்னப் பசங்க மாதிரி. பேச்சே இருக்காது. அப்புறம் அவன் சமையற்கட்டுலேருந்து வந்து கேப்டனோட டையைப் பிடுங்கி வலையில வீசுவான். அவர் திட்டிட்டே இறங்கி எடுப்பார். எடுத்துட்டு நேரா உள்ள போய், அவன் அழகா அடுக்கி வெச்ச தட்டுலேருந்து ஒரு துண்டை எடுத்து வாயில போட்டுட்டு வந்துடுவார். அவ்வளவுதான், பழம் விட்டாச்சு. அன்னைக்கும் காலையிலேருந்து ரெண்டு பேரும் பேசலை."

மரத்தடி விருந்தாளி கேப்டன் கழுத்தில் பார்த்த கை, டையைப் பிடுங்கிய கை. குண்டூசி அந்த டையையே பார்த்துக்கொண்டு நின்றான். பசி எங்கேயோ போய்விட்டது.

இருவரும் காரில் கிளம்பினார்கள். ஆர்க்கிடெக்ட் தன் காரில் பின்னால் வந்துகொண்டிருந்தார். மலை இறங்கியதும் குண்டூசி ஆரம்பித்தான்.

"மேடம், அந்தம்மா கேட்டது ஒரே கேள்வி. தள்ளினானா, இல்லையா. இல்லைன்னு சொல்லிட்டு வந்துடலாம். டையைப் பத்தி எதுக்கு?"

"அவங்க அதோட நிறுத்தினா நானும் நிறுத்தறேன்," என்றார் மேடம்.

அவள் ஸ்டேஷன் வராந்தாவில் பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். குழந்தை மடியில் அவள் சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தது. அவர்களைப் பார்த்ததும் எழுந்தாள். மேடம் சுற்றி வளைக்கவில்லை.

"தள்ளலைம்மா. வலையை வேற ஒருத்தர் கழட்டியிருந்தார். உங்க வீட்டுக்காரர் தெரியாம இறங்கிட்டார். கழட்டினவர் இப்ப உள்ள எழுதிக் குடுக்கப் போறார்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். உதடு ஏதோ முணுமுணுத்தது. நிறுத்திக்கொள் தாயே, இதோடு நிறுத்திக்கொள் என்று குண்டூசி மனசுக்குள் கெஞ்சினான். அவள் கண்ணைத் திறந்தாள்.

"அப்ப ஏன் அவன் நான்தான் கொன்னேன்னு சொன்னான்?"

மேடம் சொன்னார். பூசி மெழுகாமல், ஒன்றும் விடாமல். கேட்கக் கேட்க அவள் மெல்லத் திரும்பவும் பெஞ்சில் உட்கார்ந்தாள். முடித்ததும் அவள் கேட்டது குண்டூசி எதிர்பார்த்த கேள்வியாக இல்லை.

"இறங்கறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் பேசிட்டாங்களா?"

"அது எனக்குத் தெரியாதும்மா. ஆனா கோபம் தீராம இருந்திருந்தா, போடா நீயே போய் எடுத்துட்டு வான்னு சொல்லியிருப்பார். அவர் ஷூவைக் கழட்டியிருக்கார்."

"அப்ப பழம் விட்டுட்டார்."

"விட்டுட்டார்," என்றார் மேடம்.

அப்போதுதான் அவள் அழுதாள். சத்தமில்லாமல், குழந்தையின் தலைமேல் முகத்தை வைத்து. இந்த ஒரு வாரமாக வீட்டில் சேர்த்து வைத்திருந்ததெல்லாம் அதில் இருந்தது. குண்டூசி சுவரில் ஒட்டியிருந்த போக்குவரத்து விதிகளைப் படிப்பதுபோல நின்றான். ஒரு விதியும் தலையில் ஏறவில்லை.

உள்ளே இன்ஸ்பெக்டர் பேனாவைத் திறந்தார். முகம் கழுவிக்கொண்டு வந்து அவள் நேராகவே சொன்னாள்.

"ஆமா சார், தள்ளி விட்டுட்டுத்தான் போவேன்னு சொன்னான். எழுதிக்குங்க. இவரும் அவன்கிட்ட உன்னை உயிரோட கொளுத்திடுவேன்னு தினமும் சொல்வார். அதையும் எழுதிக்குங்க. எங்க வீட்ல அதுக்குப் பேரு பாசம்."

இன்ஸ்பெக்டர் எழுதினார். பக்கத்து மேஜையில் ஆர்க்கிடெக்ட் எழுதிக்கொண்டிருந்தார். பையனை வெளியே விட இன்னும் சில கையெழுத்துகள் வாங்க வேண்டும், அதுவரை பார்த்துவிட்டு வாருங்கள் என்று இன்ஸ்பெக்டர் அவளை லாக்கப் பக்கம் அனுப்பினார். மேடமும் குண்டூசியும் சற்றுத் தள்ளியே நின்றார்கள்.

தம்பி மூலையில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அக்காவைக் கண்டதும் எழுந்து சுவரோடு ஒட்டிக்கொண்டான்.

"அக்கா, நான்தான்..."

"தெரியும். எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

"கப்பலுக்குப் போயிடறேன்க்கா. வெளியில விட்டதும் நேரா போயிடறேன். உன் கண்ணுல பட மாட்டேன்."

குழந்தைக்கு அவனை அடையாளம் தெரிந்துவிட்டது. மழலையில் ஏதோ கத்திக்கொண்டு கம்பிக்குள் கையை நீட்டியது. அவன் கையை நீட்டவில்லை. தன் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான்.

"கப்பலும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்," என்றாள் அவள். "உன்னைப் பார்க்கறப்பெல்லாம் எனக்கு வயிறு எரியும். எரியட்டும். இவ வளந்து ஒரு நாள் அப்பா எப்படிச் செத்தார்னு கேப்பா. என்னால சொல்ல முடியாது. நீதான் சொல்லணும். அவ கேக்கற வரைக்கும் நீ என் வீட்லதான் இருக்கணும்."

குழந்தை நீட்டிய கையை மடக்காமல் காத்திருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அவன் சுவரை விட்டு ஓர் அடி முன்னால் வந்தான்.